நதியின் நோயை உணர்த்திய நங்கை

மாத்தளை நகரை ஊடறுத்து ஓடும் சுது கங்கையின் நீர் மாத்தளைக்கு மட்டும் உரியதன்று. பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலியின் நீர், 1976 ஆம் ஆண்டு முதல், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளைக்கு வந்து, அங்கே மின்சாரம் பிறப்பித்தபின் சுது கங்கையிற் கலக்கின்றது. பின்னர் போவதென்ன நீர்த்தேக்கத்தை அடைந்து, ஒரு பகுதி வடக்கே கலாவெவயை நோக்கியும், மற்றொரு பகுதி அம்பன் கங்கை வழியே எலஹெரவை நோக்கியும் செல்கின்றது. மேலே தேயிலையும் மிளகும் கராம்பும் வளரும் மலைச்சரிவுகள்; கீழே தம்புள்ளைப் பகுதியின் வெங்காயப் பாத்திகளும் மரக்கறித் தோட்டங்களும்; அவற்றுக்கும் அப்பால் நெல்வயல்கள். மலையில் ஒருவன் தெளிக்கும் மருந்து மழையோடு இறங்குமாயின், அவன் முகமறியாத வேறொருவனின் குளத்தையும் அது சென்றடையக்கூடும்.

எளிதாகத் தோன்றும் இந்த உண்மையின் முழுக் கனத்தையும் உலகம் உணருமாறு செய்தவர் ரேச்சல் கார்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. அவருடைய வாழ்க்கை, ஆறுகளை உடைய எந்த நாட்டாரும் அறிந்திருக்க வேண்டியது. நம் நாட்டாருக்கோ அதனை அறிய மேலும் ஒரு காரணம் உண்டு. அவர்மீது பிற்காலத்திற் சாட்டப்பட்ட பெரும் பழியொன்றில் இலங்கையின் பெயரும் இடம்பெற்றுள்ளது.

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலிகெனி ஆற்றின் அருகே உள்ள ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் 1907 ஆம் ஆண்டு மே 27 ஆந் திகதி அவர் பிறந்தார். செல்வம் இல்லாத குடும்பம். ஆயினும் தாய் மரியா, பறவைகளையும் பூச்சிகளையும் பெயர் சொல்லி அறியும் இன்பத்தை மகளுக்கு ஊட்டி வளர்த்தார். பதினொரு வயதிலேயே சிறுவர் சஞ்சிகையொன்றிற் கதை வெளியாகக் கண்ட அச்சிறுமி, எழுத்தாளராக வேண்டும் என்னும் ஆசையுடன் கல்லூரி புகுந்தார். அங்கே உயிரியல் அவரை ஆட்கொண்டது. 1932 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார்.

மேலும் கற்க வறுமை இடந்தரவில்லை. 1935 இல் தந்தை மறைந்தார். இரண்டு ஆண்டுகளின் பின் தமக்கையும் இரு பெண்மக்களை விட்டு மறைந்தார். குடும்பச் சுமை முழுவதும் அவர் தோளில் விழுந்தது. அரசாங்க மீன்பிடித் திணைக்களத்தில் வேலை தேடிக்கொண்டு, பகலில் அலுவலக அறிக்கைகளையும் இரவில் தம் சொந்த எழுத்தையும் எழுதினார். 1951 இல் வெளிவந்த அவருடைய கடல் பற்றிய நூல் எண்பத்தாறு வாரங்கள் அதிகம் விற்பனையாகும் நூல்களின் வரிசையில் நின்றது. அடுத்த ஆண்டு அரசாங்கப் பதவியைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார்.

புகழின் நிழலில் இளைப்பாறி இருந்திருக்கலாம். 1958 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மசச்சூசெற்ஸ் மாநிலத்திலிருந்த அவருடைய தோழியொருவர், நுளம்பை ஒழிக்க விமானத்திலிருந்து டி.டி.ரி. தெளிக்கப்பட்டபின் தம் தோட்டத்துப் பறவைகள் துடித்து மாண்டதை எழுதித் தெரிவித்தார். இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கானோரை நோயினின்று காத்த மருந்தென டி.டி.ரி. போற்றப்பட்ட காலம் அது. அதனைக் குறைகூறுவது நன்றிகேடாகவே கருதப்பட்டது. கார்சனோ நான்கு ஆண்டுகள் சான்றுகளைத் திரட்டினார்.

அவர் விரித்துரைத்த நிகழ்ச்சிகளுள் கலிபோர்னியாவின் கிளியர் ஏரியின் கதை நெஞ்சை உலுக்குவது. ஏரிக்கரையில் மொய்த்த சிறு பூச்சிகளை ஒழிப்பதற்காக, 1949 இல் டி.டி.ரி.யின் நெருங்கிய உறவான டி.டி.டி. என்னும் மருந்து நீரிற் கலக்கப்பட்டது. அளவு ஏழு கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு மாத்திரமே. 1954 இலும் 1957 இலும் மீண்டும் கலந்தனர். நீரில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை உட்கொண்டன. அவற்றைச் சிறு மீன்கள் தின்றன. சிறு மீன்களைப் பெருமீன்கள் தின்றன. மீன்களை முக்குளிப்பான் பறவைகள் தின்றன. படிக்குப்படி நஞ்சு செறிந்தது. இறந்த பறவைகளின் கொழுப்பில் பத்து இலட்சத்துக்கு 1600 பங்கு வரை அந்த மருந்து காணப்பட்டது. ஆயிரம் சோடிகள் கூடுகட்டிய ஏரியில் 1960 இல் எஞ்சியவை முப்பது சோடிகளே.

சாவைக் காட்டிலும் நுட்பமான தீங்கு ஒன்றையும் அவர் கண்டார். உடலின் சுரப்பிகள் ஓமோன்கள் என்னும் தூதுப் பொருள்களை இரத்தத்தில் அனுப்பி, வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் ஆள்கின்றன. சில இரசாயனங்கள் அந்தத் தூதரைப் போல் வேடமிட்டுப் பொய்ச் செய்தி சொல்லும். சில மெய்த்தூதரை வழிமறிக்கும். உயிர் போவதில்லை, சந்ததியே குன்றும். இளஞ் சேவல்களுக்கு டி.டி.ரி. ஏற்றிய ஆய்வொன்று 1950 இல் வெளியாயிற்று. அவற்றின் விதைகள் சிறுத்தன. ஆண்மையின் அடையாளமான கொண்டை வளரவில்லை. இத்தகைய குறிப்புகளைச் சாதாரண வாசகர் கண்முன் கொணர்ந்தவர் கார்சனே. ஓமோன்களைக் குழப்பும் இரசாயனங்கள் என்னும் தனித் துறை அப்போது பிறக்கவில்லை.

நூல் உருவான ஆண்டுகள் துயரம் மிக்கவை. தமக்கையின் மகள் 1957 இல் இறந்தபோது அவர் விட்டுச்சென்ற ஐந்து வயதுச் சிறுவனை ஐம்பது வயதிலே கார்சன் தம் மகனாக ஏற்றார். 1958 இன் இறுதியில் தாயை இழந்தார். 1960 இல் மார்பகப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். தம் நோயின் சினத்தால் எழுதினார் என்று எதிரிகள் கூற இடமளிக்கலாகாது என்பதற்காக, அதனை உலகறியாது மறைத்தார்.

'மௌன வசந்தம்' 1962 செப்டெம்பரில் வெளிவந்தது. இரசாயன உற்பத்தியாளர்கள் சீறியெழுந்தனர். வழக்குத் தொடரப்படும் என்று வெளியீட்டாளர் அச்சுறுத்தப்பட்டனர். அவர் மணமாகாதவர் என்பதைக்கூட ஏளனஞ் செய்தனர். ஆனால் ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழு 1963 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கை, அவருடைய எச்சரிக்கையை ஆதரித்தது. அடுத்த மாதம் அவர் செனற் சபைக் குழுவின் முன் சாட்சியமளித்தார். 1964 ஏப்ரில் 14 ஆந் திகதி, ஐம்பத்தாறாவது வயதில் உயிர்நீத்தார். அமெரிக்கா டி.டி.ரி.யைப் பயிர்களுக்குப் பயன்படுத்துவதைத் தடுத்தது அதன் எட்டு ஆண்டுகளின் பின்னரேயாம்.

இனி, இலங்கையோடு பிணைந்த பழியைக் காண்போம். 1934-35 இல் வந்த மலேரியா இங்கே ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுசென்றது. 1946 இல் டி.டி.ரி. தெளிப்புத் தொடங்கியது. 1963 இல் நாடு முழுவதும் பதினேழு நோயாளரே பதிவாயினர். தெளிப்பு நின்றது, 1968, 1969 ஆம் ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் மீண்டும் காய்ச்சலுற்றனர். இதற்குக் கார்சனே காரணம் என்று கூறுவோர் உளர். இங்கே தெளிப்பு நின்றது நோய் ஒழிந்ததென்ற நம்பிக்கையினால். அவர் நூலின் கட்டளையினால் அன்று. பின்னர் மீண்டும் தெளித்தும் நுளம்புகள் டி.டி.ரி.க்கு எதிர்ப்பாற்றல் பெற்றன. எழுபதுகளின் பிற்பகுதியில் மலத்தியனை நாடவேண்டியதாயிற்று. அளவின்றிப் பயன்படுத்தினால் பூச்சிகள் எதிர்ப்பாற்றல் பெற, நோய்க்கெதிரான கருவியே கூர்மழுங்கும் என்பது 'மௌன வசந்தம்' தந்த எச்சரிக்கைகளுள் ஒன்று. எல்லாப் பூச்சிமருந்தையும் விலக்குக என்று அவர் கூறியதேயில்லை. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுபடுத்தியது.

அவர் தொட்டுக்காட்டிய ஓமோன் ஆய்வு, அவர் மறைவின் பின் தனித்துறையாயிற்று. தியோ கோல்போண் அம்மையார் முதலிய விஞ்ஞானிகள் 1991 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினிற் கூடி, அவ்விரசாயனங்களுக்கு ஒரு பொதுப்பெயர் தந்தனர். 1980 இல் பீடைநாசினி கொட்டுண்ட புளோரிடாவின் அப்பொப்கா ஏரியில், ஆண் முதலைக் குட்டிகளின் இனவுறுப்புகள் குறுகியிருந்ததைப் பின்னைய ஆய்வுகள் காட்டின. மனிதரைப் பொறுத்தவரை சான்றுகள் இன்னும் திரண்டுவருகின்றன. கருவிலிருக்கும் சிசுவே எல்லாரிலும் எளிதிற் பாதிக்கப்படக்கூடியது என்பதில் ஆய்வாளர் உடன்படுகின்றனர். ஓமோன்களைக் குழப்பும் இயல்புடைய எண்டோசல்பான், இலங்கையில் 1998 இல் தடைசெய்யப்பட்டது. நஞ்சருந்தி மாண்டவர்களின் தொகையே அத்தடைக்குக் காரணமாயிற்று. சாவைக் கண்டு சட்டம் விரைந்து விழிக்கின்றது. ஓசையின்றிச் சந்ததியைத் தொடும் தீங்கு அதன் கண்ணில் எளிதிற் படுவதில்லை.

பயிரும் வேண்டும், நோயற்ற உடலும் வேண்டும் என்னும் நமக்குக் கார்சன் விட்டுச்சென்ற பாடம் நிதானமே. எதைத் தெளிக்கிறோம், எவ்வளவு தெளிக்கிறோம், அது எங்கே போய்ச் சேரும் என்னும் மூன்று கேள்விகளையும் அவர் ஓயாது கேட்டார். மாத்தளையின் பள்ளிக்கூடங்களில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவரைச் சுது கங்கைக் கரைக்கு அழைத்துச் சென்று மூன்றாம் கேள்வியை அங்கே கேட்பார்களாயின், அந்த அம்மையாரின் வாழ்க்கை இந்த மலைநாட்டிலும் பயன் தந்ததாகும்.