காணாமற்போனோரைத் தேடிய அம்மையார்

அமெரிக்க நாட்டில் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவியவர் என்ற அளவில் கிளாரா பார்ட்டன் அம்மையாரின் பெயரை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடங்களில் படித்திருக்கக்கூடும். போர்க்களத்தில் காயமுற்றோர்க்குத் தொண்டு செய்தார் என்பதோடு அவரது வரலாறு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பீரங்கிகள் ஓய்ந்த பின்னரும், வெள்ளம் வடிந்த பின்னரும், உதவ வந்த பிறரெல்லாம் ஊர் திரும்பிய பின்னரும் அவர் தங்கியிருந்து ஆற்றிய பணிகளே எமக்கு மிகப் பெரியனவாகத் தோன்றுகின்றன. அவற்றையே முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரையை வரைகின்றோம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு என்னும் சிற்றூரில் 1821 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் நாள் அவர் பிறந்தார். ஐந்து மக்களில் இளையவர். தந்தை ஸ்டீபன் பார்ட்டன் முன்னாள் படைவீரர். தந்தையார் சொன்ன போர்க்கதைகளைக் கேட்டு வளர்ந்த அச்சிறுமி, மிகுந்த கூச்சம் உடையவராக இருந்தார் என்று அறிகிறோம்.

அவரது இளமையில் நிகழ்ந்த ஒன்றை நம் இல்லத்தார் ஆர்வத்துடன் அறிந்துகொள்வர். ஒருநாள் எருது ஒன்றைக் கோடரியால் அடித்து வீழ்த்துவதை அவர் காண நேர்ந்தது. அடி தம்மீதே விழுந்தாற்போல அக்குழந்தை உணர்விழந்து தரையில் சாய்ந்தது. அன்று முதல் புலாலின்மீது இருந்த விருப்பம் அறவே நீங்கிற்று. 1907 இல் வெளியிட்ட தம் இளமைக்கால வரலாற்று நூலில் இதனை அவரே குறித்திருக்கிறார். பிறர் நடுவே தவிர்க்க இயலாத வேளைகளில் அன்றித் தாம் அதனை உண்டதில்லை என்றும், தமக்கு வேண்டியதை நிலமே குறைவின்றி விளைத்துத் தந்தது என்றும் எழுதியுள்ளார். யாரும் அவருக்குக் கொல்லாமையைப் போதிக்கவில்லை என்பதை எண்ணும்போது வியப்பு மிகுகின்றது.

பதினோராம் வயதில் அவர் முதல் நோயாளியைப் பேணினார். கட்டடம் எழுப்பும் பணியில் உயரத்திலிருந்து விழுந்த தமையன் டேவிட் இரண்டாண்டுகள் படுக்கையில் கிடந்தார். பள்ளிக்கும் செல்லாமல் அவர் அருகிலேயே இருந்து மருந்தூட்டியவர் கிளாராவே.

பதினேழாம் வயதில் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். நியூஜெர்சி மாநிலத்துப் போர்டன்டவுன் நகரில் 1852 இல் கட்டணமில்லாப் பள்ளியொன்றைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரோடு தொடங்கிய அப்பள்ளி சில நூறு பேராகப் பெருகியது. நகரத்தார் புதுக் கட்டடம் எழுப்பினர். ஆனால் தலைமைப் பொறுப்பை ஓர் ஆடவருக்குக் கூடுதல் ஊதியத்துடன் அளித்தனர். அம்மையார் பதவியை விட்டு விலகி, தலைநகர் வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். ஆண்களுக்கு நிகரான ஊதியம் பெற்ற பெண்டிர் அந்நாளில் அரசு அலுவலகங்களில் மிகச் சிலரே.

1861 இல் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. பால்டிமோர் நகரில் கும்பலால் தாக்கப்பட்ட மாசசூசெட்ஸ் படைப்பிரிவு வாஷிங்டன் வந்து செனட் சபை மண்டபத்திலேயே தங்க வைக்கப்பட்டது. அவ்வீரர்களுள் தம்மிடம் பயின்றோர் இருப்பதைக் கண்ட அம்மையார் தம் வீட்டிலிருந்த துணிகளையும் உணவையும் எடுத்துச் சென்றார். பின்னர் நாட்டு மக்களிடம் பொருள் திரட்டினார். 1862 இல் போர்முனைக்கே செல்ல இசைவு பெற்றார். அவ்வாண்டு செப்டம்பர் 17 இல் நிகழ்ந்த ஆன்டிடம் போரில், காயமுற்ற ஒருவருக்கு அவர் நீர் புகட்டிக்கொண்டிருந்தபோது ஒரு குண்டு அவர் சட்டைக் கையைத் துளைத்துச் சென்று அவ்வீரரின் உயிரைப் பறித்தது. கட்டுத் துணி தீர்ந்து மருத்துவர்கள் சோளத் தோகைகளைக் கொண்டு புண்களை மூடிக்கொண்டிருந்த வேளையில்தான் அம்மையாரின் வண்டி அங்கே வந்து சேர்ந்திருந்தது. புட்டிகள் உடையாதிருக்கப் பெட்டிகளில் இடப்பட்டிருந்த சோளமாவைக் கண்டு, அதனைக் கஞ்சியாகக் காய்ச்சி வீரர்களுக்கு ஊட்டினார். இரவில் மருத்துவர்களுக்கு விளக்குகளும் அவரிடமே கிடைத்தன.

1865 இல் போர் முடிந்தது. ஆனால் பல்லாயிரம் இல்லங்களில் அது முடியவில்லை. மகன் இறந்தானா, சிறைப்பட்டானா என்று அறியாத தாய்மார். கணவன் இறந்ததற்குச் சான்றில்லாமையால் ஓய்வூதியம் பெற இயலாத கைம்பெண்கள். இவர்களின் கடிதங்கள் அம்மையாரை நோக்கி வந்தன. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அதிபர் லிங்கனின் ஒப்புதலைப் பெற்றுத் தாம் குடியிருந்த வாஷிங்டன் ஏழாம் வீதி மாடியறைகளிலேயே காணாமற்போன வீரர்களுக்கான அலுவலகத்தைத் திறந்தார்.

அவர் கையாண்ட முறை எளியது. வந்த கடிதங்களிலிருந்து பெயர்களை மாநில வாரியாகத் தொகுத்து அச்சிட்டார். அப்பட்டியல்களை அஞ்சல் நிலையங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் அனுப்பினார். தோழன் விழுந்ததைக் கண்ட வீரன் பட்டியலில் அப்பெயரைக் கண்டதும் எழுதுவான். அச்செய்தியை ஆராய்ந்து குடும்பத்தாருக்கு அறிவிப்பார். மூன்றாண்டுகளில் 63,000 கடிதங்களுக்கு மேல் வந்தன. 22,000 பேருக்கு மேற்பட்டோரின் கதி தெரிய வந்தது. பட்டியலில் தம் பெயரைக் கண்டு சினந்தவரும் உண்டு. உயிருடன் இருந்தும் வீட்டாருக்கு எழுதாமல் மறைந்து வாழ்ந்த ஓர் இளைஞர், தம் பெயரை நாடெங்கும் பரப்பியது ஏன் என்று அம்மையாரைக் கடிந்து எழுதினார். அவரைத் தேடியவர்கள் அவருடைய குடும்பத்தாரே என்று அம்மையார் கடுமையாகவே மறுமொழி விடுத்தார்.

ஆண்டர்சன்வில் என்னும் தென்னகச் சிறைமுகாமில் ஏறக்குறைய 13,000 வீரர்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். அங்குக் கைதியாக இருந்த டாரன்ஸ் அட்வாட்டர் என்னும் இளைஞர், இறந்தோர் பதிவேட்டை எழுதும் வேலையில் அமர்த்தப்பட்டிருந்தார். யாருமறியாமல் இன்னொரு படியும் எழுதி மறைத்து வைத்திருந்தார். 1865 கோடையில் அவரும் அம்மையாரும் அரசுக் குழுவினருடன் அங்குச் சென்று, எண்களை மட்டுமே தாங்கியிருந்த புதைகுழிகளுக்குப் பெயர் எழுதிய பலகைகளை நட்டனர். பெயர் காண இயலாமற்போனவை ஐந்நூற்றுக்கும் குறைவே. ஓர் எழுத்தரின் பொறுமை இத்தனை குடும்பங்களுக்கு ஆறுதல் தந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இப்பணிக்குத் தம் கைப்பொருளையே பெரிதும் செலவிட்டார். 1866 இல் அமெரிக்க நாடாளுமன்றம் 15,000 டாலர் அளித்து ஈடுசெய்தது. ஊர்தோறும் சொற்பொழிவாற்றிப் பொருளீட்டிய அம்மையாருக்கு 1868 இல் மேடையிலேயே குரல் அடைத்துவிட்டது. ஓய்வு நாடி ஐரோப்பா சென்றார். ஜெனீவாவில்தான் செஞ்சிலுவை இயக்கத்தைப் பற்றி முதன்முறையாகக் கேள்வியுற்றார். ஐரோப்பிய நாடுகள் பலவும் கையெழுத்திட்டிருந்த உடன்படிக்கையில் தம் நாடு சேரவில்லை என்பது அவருக்குத் துயரளித்தது.

1870 இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் தொடங்கியதும் ஓய்வை மறந்தார். முற்றுகையால் சிதைந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில் வறுமையுற்ற பெண்டிருக்குத் தானமாகத் துணி வழங்குவதை விடுத்து, தையற்கூடம் அமைத்துக் கூலிக்கு ஆடை தைக்கச் செய்தார். அவ்வாடைகளே ஆடையற்றோருக்குச் சென்றன. ஒரு செலவில் இரு குடும்பங்கள் பிழைத்தன.

நாடு திரும்பியபின் உடலும் உள்ளமும் தளர்ந்து நெடுங்காலம் படுக்கையில் இருந்தார். ஊக்கம் மிக்க அவருக்குப் பணியில்லாத காலங்களில் இத்தகைய மனச்சோர்வு வாழ்நாள் முழுதும் வந்துகொண்டிருந்தது. 1876 இல் நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில் என்னும் ஊரின் நலவாழ்வு இல்லத்தை நாடினார். நீர்ச் சிகிச்சை, தானியமும் பழமும் மிகுந்த எளிய உணவு, நடை, நல்லோர் கூட்டுறவு ஆகியவற்றால் மெல்ல மெல்லத் தேறினார். நலம் பெற்ற அவ்வூரிலேயே 1881 ஆகஸ்டு மாதத்தில் முதல் கிளைச் சங்கம் அமைந்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், மே 21 இல், வாஷிங்டனில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்திருந்தது. அப்போது அம்மையாருக்கு வயது 59.

ஐரோப்பியரின் உடன்படிக்கை நமக்கெதற்கு, இனியொரு போர் வரப்போவதில்லையே என்று ஆட்சியாளர் கருதிவந்தனர். போர் வராவிடினும் தீயும் வெள்ளமும் புயலும் வருமே என்று அம்மையார் வாதிட்டார். 1882 இல் அமெரிக்கா உடன்படிக்கையை ஏற்றது. இயற்கைப் பேரிடர்களிலும் செஞ்சிலுவை உதவலாம் என்ற கருத்து உலகளவில் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

1889 மே 31 இல் பென்சில்வேனியா மாநிலத்தில் மலைமேலிருந்த மண்ணணை உடைந்து ஜான்ஸ்டவுன் நகரை அழித்தது. 2,209 பேர் மாண்டனர். ஐந்து நாட்களில் அம்மையார் தம் குழுவினருடன் சென்று சேர்ந்தார். உணவும் போர்வையும் நாடெங்குமிருந்து வந்து குவிந்தன. ஆயினும் வீடிழந்தோர் எத்துணை நாள் கூடாரத்தில் வாழ்வது? குளிர்காலம் வருமே! ஆகவே மரத்தால் இருமாடிக் கட்டடங்களை எழுப்பினார். குடும்பங்களுக்கு அறைகளும், பொதுவான சமையலறையும் உணவுக்கூடமும் அவற்றில் இருந்தன. விடுதி என்றே அவற்றுக்குப் பெயரிட்டார். நேற்றுவரை சொந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் அறச்சாலையில் தங்கியிருப்பதாக எண்ணி நாணக்கூடாது என்று கருதியிருப்பார் போலும். ஐந்து மாதங்கள் அங்கேயே தங்கினார். பிற்காலத்தில் அக்கட்டடங்களின் மரங்களைக் கொண்டே கிளென் எக்கோ என்னுமிடத்தில் சங்கத்தின் பண்டகசாலை கட்டப்பட்டது. 1897 முதல் அம்மையாரின் இல்லமும் அதுவே ஆயிற்று.

1893 இல் தென் கரோலினாவின் கடற்தீவுகளைப் புயல் தாக்கியது. சுமார் 30,000 பேர் வீடும் விளைநிலமும் இழந்தனர். பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டிருந்த கறுப்பின உழவர். உடலில் வலுவுள்ளோரைக் கொண்டு உப்பு நீர் தேங்கிய வயல்களுக்கு வடிகால் வெட்டுவித்தார், வீடுகள் கட்டுவித்தார், விதைகள் வழங்கினார். பத்து மாதங்கள் கழித்து விளைச்சலைக் கண்ட பின்னரே அகன்றார். 1900 இல் கால்வெஸ்டன் புயலின்போது 78 வயதிலும் நேரில் சென்றார். அங்கு உழவர்களுக்கு அனுப்பப்பட்டவை பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்ட்ராபெரி நாற்றுகள்.

அம்மையாரிடம் குறையே இல்லை என்று எழுதினால் அது வரலாறாகாது. அனைத்தையும் தம் கையிலேயே வைத்திருந்தார். பொறுப்பைப் பகிர அவருக்கு மனம் வரவில்லை. தம் பணமும் சங்கப் பணமும் கலந்தே செலவாயின. வரவு செலவுக் கணக்குகள் ஒழுங்காக இல்லை என்று சங்கத்துள்ளேயே குரல் எழுந்தது. விசாரணையில் குற்றமேதும் நிறுவப்படவில்லை. எனினும் 1904 இல் மனம் நொந்து விலகினார். மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், சங்கத்தின் கணக்குகள் ஆண்டுதோறும் அரசின் போர்த்துறையால் தணிக்கை செய்யப்பட வேண்டும் என்று விதித்தது. ஒரு நாணயமும் தமக்கென எடுக்காதவர்மீது இத்தகைய ஐயம் எழுந்ததே என்று நாம் வருந்துகிறோம். ஆனால் பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்டவர்களையும் எம்மால் குறைகூற இயலவில்லை. நம் ஊர்களில் அறக்கட்டளைப் பொறுப்பேற்றிருக்கும் பெரியோர் இப்பகுதியை இருமுறை படிப்பாராக.

விலகிய பின்னும் அவர் வாளா இருக்கவில்லை. 1905 இல் முதலுதவிப் பயிற்சிக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1912 ஏப்ரல் 12 இல் கிளென் எக்கோ இல்லத்தில் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

வாஷிங்டன் ஏழாம் வீதியின் மாடியறைகள் காலப்போக்கில் மறக்கப்பட்டன. 1996 இல் அப்பழைய கட்டடத்தை இடிப்பதற்குமுன் பார்வையிடச் சென்ற அரசுத் தச்சர் ஒருவர், பரணில் பழைய காகிதங்களையும் துணிகளையும் கண்டார். அவற்றோடு ஒரு பெயர்ப்பலகையும் இருந்தது. மூன்றாம் மாடியில் ஒன்பதாம் அறை, காணாமற்போன வீரர்களுக்கான அலுவலகம் என்று அதில் வழிகாட்டியிருந்தது. கட்டடம் இடிபடாமல் காக்கப்பட்டது. 2015 முதல் அவ்வறைகள் அருங்காட்சியகமாக மக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டன.