அன்னை தந்த பாடம்

வங்காளத்தில் பீர்சிங்கா என்னும் சிற்றூரில் 1820-ஆம் ஆண்டு ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஈசுவர சந்திர வித்யாசாகர். தந்தையுடன் கல்கத்தாவுக்கு நடந்து சென்ற சிறுவயதில், வழியிலிருந்த மைல்கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டார். 1851-இல் சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வரானார்.

அவருடைய அன்னை பகவதி தேவியார் கிராமத்திலேயே வாழ்ந்து வந்தார். ஒரு குளிர்காலத்தில் வித்யாசாகர் வீட்டிற்குப் போர்வைகள் அனுப்பினார். அண்டை வீட்டு ஏழைகள் குளிரில் நடுங்குவதைக் கண்ட அன்னை, அவற்றை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். இன்னும் சில அனுப்புமாறு மகனுக்குக் கடிதம் எழுதச் செய்தார். மகனும் மனமகிழ்ந்து மீண்டும் அனுப்பி வைத்தார்.

1866-இல் பஞ்சம் வந்தபோது வித்யாசாகர் தம் ஊரில் அன்னசத்திரம் திறந்து பசித்தோருக்கு உணவளித்தார். இளம் விதவைகளின் துயரைக் கண்டு உருகி, அவர்கள் மறுமணம் செய்துகொள்ள வழிசெய்யும் சட்டத்திற்காகப் பாடுபட்டார். அச்சட்டம் 1856-இல் நிறைவேறியது. பலர் இகழ்ந்தனர், கடன் சுமையும் ஏறியது. ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. 1870-இல் அவருடைய ஒரே மகன் ஒரு விதவையை மணக்க முன்வந்தபோது, உறவினர் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல் பெருமையுடன் இசைந்தார்.

1891-இல் மறையும்வரை, பிறர் துன்பத்தைத் தம் குடும்பத்தின் துன்பமாகவே அவர் கருதினார். அந்தப் பாடத்தை அவருக்கு முதலில் கற்பித்த பள்ளி, அன்னை வாழ்ந்த எளிய இல்லமே.