உயிரின் எழுத்துக்களை வாசித்த மரத்தடி மாணவன்

விஞ்ஞானம் என்பது பெருநகரப் பாடசாலைகளில் கற்போருக்கே உரியது என்ற எண்ணம், தம்பலகாமம் போன்ற வயல்சார்ந்த ஊர்களின் பெற்றோரிடம் இன்றும் காணப்படுகின்றது. அது எத்துணை தவறானது என்பதை உணர, ஹர் கோவிந்த் கொரானாவின் வாழ்க்கையை நாம் நினைவுகூர வேண்டும்.

இன்று பாகிஸ்தானில் உள்ள, அன்றைய முல்தான் மாவட்டத்தின் ராய்ப்பூர் கிராமத்தில் 1922ஆம் ஆண்டு அவர் பிறந்தார். ஏறக்குறைய 100 பேர் வாழ்ந்த அக்கிராமத்தில் எழுத்தறிவு பெற்றிருந்தது அநேகமாக அவருடைய குடும்பம் மட்டுமே. வரி எழுதுவினைஞரான தந்தை, வறுமையிலும் பிள்ளைகளின் கல்வியைக் கைவிடவில்லை. ஆரம்பப் பாடங்கள் மரத்தடியிலேயே நடந்தன. பின்னர் லாகூரில் முதுமாணிப் பட்டம் பெற்ற அவர், 1945இல் அரச புலமைப்பரிசிலுடன் இங்கிலாந்து சென்று, 1948இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

இதற்கிடையே 1947இல் பிரிவினை நேர்ந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் சீக்கியரும் இலட்சக்கணக்கில் ஊரிழந்த அந்நாட்களில், கொரானாவின் குடும்பமும் டில்லிக்கு இடம்பெயர்ந்தது. இடப்பெயர்வின் வலியை அறிந்த எமது மக்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. 1949இல் இந்தியா திரும்பிய அவருக்கு அங்கு பொருத்தமான தொழில் கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜுக்கும், 1952இல் கனடாவின் வான்கூவருக்கும், 1960இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினுக்கும் அவர் செல்ல நேர்ந்தது.

எமது உடற்கலங்களில் பரம்பரை அலகின் செய்தியைச் சுமந்து செல்வது தூது ஆர்.என்.ஏ. ஆகும். அதில் உள்ள நான்கு எழுத்துக்கள் மும்மூன்றாகச் சேர்ந்து 64 சொற்களாகின்றன. எந்தச் சொல் எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கின்றது என்பது அப்போது பெரும் புதிராக இருந்தது. கொரானா ஒழுங்கான வரிசை கொண்ட ஆர்.என்.ஏ. இழைகளைச் செயற்கையாக ஆக்கி, அவற்றிலிருந்து எப்புரதம் உருவாகின்றது எனப் பார்த்து விடை கண்டார். 1968இல் நிரன்பேர்க், ஹொலி ஆகியோருடன் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1970இல் பரம்பரை அலகொன்றையே செயற்கையாக உருவாக்கியவரும் அவரே.

மனிதக் கலத்தில் தூது ஆர்.என்.ஏ. முதலில் தேவையற்ற துண்டுகளுடனேயே உருவாகின்றது. சில புரதங்களும் சிறிய ஆர்.என்.ஏ.க்களும் சேர்ந்து அவற்றை வெட்டி நீக்கி, எஞ்சியதைப் பொருத்துகின்றன. இது 1977இல் கண்டறியப்பட்டது. இவ்வேலையில் நேரும் பிழையும், எமது நாட்டில் காணப்படும் தலசீமியா எனும் குருதி நோய்க்கு ஒரு காரணமாகும். அப்பிழை எந்த எழுத்தில் நேர்ந்தது என்பதன் பொருளை மருத்துவர்கள் இன்று அறிய முடிவது, கொரானா போன்றோர் இட்ட அடித்தளத்தினாலேயே ஆகும்.

பரிசுக்குப் பின்னரும் ஆய்வை விடாத அவர், 2011 நவம்பர் 9ஆம் திகதி 89 வயதில் அமெரிக்காவில் காலமானார்.

ஓர் ஏழைத் தந்தையின் உறுதி அவரை உருவாக்கியது. இடம் கொடுக்கத் தவறிய தாயகம் அவரை இழந்தது. எமது கிராமப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் வழங்க வேண்டிய பொறுப்பு கல்வி அதிகாரிகளுடையது. வறுமையைக் காரணம் காட்டிப் பிள்ளையின் படிப்பை நிறுத்தாதிருக்கும் பொறுப்பு பெற்றோருடையது. இவ்விரண்டும் ஒருசேர நிறைவேறினால், அடுத்த கொரானா எமது வயலோரங்களில் இருந்தும் வரக்கூடும்.