சத்தத்தைச் சங்கீதமாக்கிய இடக்கைக்காரர்

(இறுதியாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ராக் இசை என்றாலே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நீண்ட தலைமுடி, கிழிந்த ஜீன்ஸ், காதைப் பிளக்கும் சத்தம். அதையும் தாண்டி அந்த இசையை ரசிக்கிற ஒரு சிறு கூட்டம் எல்லாக் கல்லூரியிலும் இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கூட்டத்தில் அடியேனும் ஒருவன். எங்களுக்குள் தீராத சண்டை ஒன்று உண்டு. மிகச் சிறந்த ராக் இசைக்கலைஞர் யார்? யார் என்பது கூட இருக்கட்டும். ஒருவரைப் பெரிய கலைஞர் என்று சொல்ல அளவுகோல் என்ன?

விரல் வேகம்தான் என்பான் ஒருவன். எத்தனை ரெக்கார்டு விற்றது என்று பார் என்பான் இன்னொருவன். குரல் வளம் இல்லாதவன் எல்லாம் பாடகனா என்பான் மூன்றாமவன். முறையாகச் சங்கீதம் படித்திருக்க வேண்டும் என்று மேஜையைத் தட்டுவான் நாலாமவன். சரி, இந்த நாலு அளவுகோலையும் எடுத்துக்கொண்டு ஒரு மனிதரின் வாழ்க்கையை அளந்து பார்ப்போமே! 27 வயதில் மறைந்துவிட்ட அவர் பெயர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்.

துடைப்பமே கிடார்!

1942 நவம்பர் 27 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் ஜிமி பிறந்தார். அப்போது தாய்க்கு வயது 17தான். தந்தை ராணுவத்தில் இருந்தார். பிறந்தபோது வைத்த பெயர் ஜானி ஆலன் ஹெண்ட்ரிக்ஸ். போர் முடிந்து வந்த தந்தை 1946-இல் அதை ஜேம்ஸ் மார்ஷல் ஹெண்ட்ரிக்ஸ் என்று மாற்றினார். பெயரை மாற்ற முடிந்தது, வறுமையை மாற்ற முடியவில்லை. 1951-இல் பெற்றோர் பிரிந்தார்கள். 1958-இல் தாயும் இறந்துபோனார்.

பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலேயே ஒரு துடைப்பத்தைக் கிடார் மாதிரி பிடித்துக்கொண்டு வாசிப்பதுபோல் பாவனை செய்துகொண்டே திரிவாராம். அதைப் பார்த்து மனம் இரங்கிய பள்ளியின் சமூகநலப் பணியாளர் ஒருவர், இந்தப் பையனுக்கு ஒரு கிடார் வாங்கிக் கொடுக்க நிதி வேண்டும் என்று எழுதிக்கூடக் கேட்டார். கிடைக்கவில்லை.

1957-இல் தந்தையோடு ஒரு வீட்டில் குப்பை அள்ளும் வேலைக்குப் போனபோது, குப்பையோடு குப்பையாக ஒரு யுகுலேலே கிடந்தது. சின்னக் கிடார் போல இருக்கும் அந்த வாத்தியத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு தந்தி! அந்த ஒற்றைத் தந்தியில் ரேடியோவில் கேட்ட பாட்டுகளை வாசித்துப் பழகினார். அடுத்த வருஷம் 5 டாலருக்கு ஒரு பழைய கிடார். 1959-இல் தந்தை ஒரு எலக்ட்ரிக் கிடார் வாங்கித் தந்தார்.

அதிலும் ஒரு சிக்கல். ஜிமி இடக்கைக்காரர். கடையில் கிடைப்பதெல்லாம் வலக்கைக் கிடார். என்ன செய்தார் தெரியுமா? கிடாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, தந்திகளைக் கழற்றி வரிசை மாற்றிக் கட்டிக்கொண்டார். கீழே இருக்க வேண்டிய திருகுகள் எல்லாம் மேலே வந்துவிட்டன. அதையும் தன் வசதிக்குப் பழக்கிக்கொண்டார். கடைசிவரைக்கும் அப்படித்தான் வாசித்தார்.

சிப்பாயும் பக்கவாத்தியமும்

பள்ளிப் படிப்பு முடியவில்லை. 1961-இல் திருட்டுக் காரில் போனதாக இரண்டு தடவை போலீஸில் மாட்டினார். சிறைக்குப் போகிறாயா, ராணுவத்துக்குப் போகிறாயா என்ற நிலை வந்தபோது ராணுவத்தைத் தேர்ந்தெடுத்தார். 101-வது வான்வழிப் படைப்பிரிவில் பாராசூட் வீரர். அங்கேயும் கையில் கிடார்தான்! அதிகாரிகளுக்கு இவரால் தலைவலி. 1962-இல் வெளியே வந்துவிட்டார். ஆனால் அங்கே கிடைத்த பில்லி காக்ஸ் என்ற நண்பர், பிற்காலத்தில் இவருடைய குழுவிலேயே பேஸ் கிடார் வாசித்தார்.

பிறகு நாலு வருஷம் நாடோடி வாழ்க்கை. அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பின மக்களுக்கென்றே இருந்த அரங்குகளில் ஊர் ஊராகப் பக்கவாத்தியம். ஐஸ்லி பிரதர்ஸ், லிட்டில் ரிச்சர்ட் என்று பெரிய நட்சத்திரங்களுக்குப் பின்னால் நின்று வாசித்தார். பின்னால் நிற்பவன் அடங்கி நிற்க வேண்டும் என்பது மேடை வழக்கம். இவருக்கு அது மட்டும் வரவே இல்லை.

1966-இல் நியூயார்க்கின் ஒரு சிறு காபிக் கடை மேடையில் இவர் வாசித்ததைக் கேட்டார் சாஸ் சாண்ட்லர். இங்கிலாந்தின் அனிமல்ஸ் குழுவில் பேஸ் கிடார் வாசித்தவர். அசந்துபோன அவர் ஜிமியை லண்டனுக்கு அழைத்துப் போனார். செப்டம்பர் 24 அன்று லண்டனில் வந்து இறங்கினார் ஜிமி. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே.

ஒரு பாலிடெக்னிக் மேடையில்...

வந்து ஒரே வாரம். அக்டோபர் 1. லண்டனில் ரீஜண்ட் தெருவில் இருந்த பாலிடெக்னிக்கில் க்ரீம் என்ற புகழ்பெற்ற குழுவின் கச்சேரி. ஆமாம், பாலிடெக்னிக்தான்! அந்தக் குழுவின் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டனைக் கடவுள் என்றே லண்டன் சுவர்களில் ரசிகர்கள் எழுதிவைத்திருந்த காலம் அது. அந்த மேடையில் தானும் ஒரு பாட்டு வாசிக்கலாமா என்று அனுமதி கேட்டு ஏறினார், ஊர்பேர் தெரியாத ஜிமி. வாசித்தார். கிளாப்டன் திகைத்துப்போய் வாசிப்பதையே நிறுத்திவிட்டார்!

அதன்பிறகு எல்லாம் மின்னல் வேகம். நோயல் ரெட்டிங், மிட்ச் மிட்செல் என்ற இரண்டு இங்கிலாந்து இளைஞர்களோடு ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் என்ற குழு பிறந்தது. 1967 மே மாதம் முதல் ஆல்பம். ஜூனில் அமெரிக்காவின் மாண்டரே விழா மேடையில் தன் கிடாருக்கே தீ வைத்தார். அதைத்தான் இன்றைக்கும் எல்லோரும் பேசுகிறார்கள். கிடாரை எரிக்கத் தீப்பெட்டி போதும். நான் பேச விரும்புவது அதை அல்ல.

நம்ம லேப்பில் இருக்கும் ரகசியம்

நம்ம கல்லூரி விழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டு போனால் கொய்ய்ங் என்று கூவுமே, மைக்செட்டுக்காரர் ஓடி வருவாரே, அதுதான் ஃபீட்பேக். எலக்ட்ரிக் கிடாரில் இரும்புத் தந்திக்குக் கீழே காந்தமும் காயிலும் இருக்கும். தந்தி அதிர்ந்தால் காயிலில் மின்னழுத்தம் உண்டாகும். ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஸ்பீக்கர் சத்தம் மிக அதிகமானால் அந்தச் சத்தமே தந்தியைத் திரும்பவும் அதிரவைக்கும். சுற்றிச் சுற்றி வளரும். ஆஸிலேட்டர் பாடத்தில் பார்க்ஹாஸன் விதி என்று எழுதுகிறோமே, அதேதான்!

எல்லோரும் இதைக் கோளாறு என்றார்கள். ஜிமி இதை ஒரு ஸ்வரம் என்றே எடுத்துக்கொண்டார். ஸ்பீக்கருக்கு எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் நின்றால் எந்தச் சுருதி கூவும் என்று உடம்பாலேயே அளந்துவைத்திருந்தார். விரலை எடுத்தபிறகும் ஸ்வரம் நிற்காமல் பாடும். நியாயமாகச் சொன்னால், முதலில் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. பீட்டில்ஸ் 1964-லேயே ஒரு பாட்டின் தொடக்கத்தில் ஃபீட்பேக்கை வைத்துவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு அது ஓர் அலங்காரம். ஜிமிக்கு அது மொழி.

இன்னும் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் ஓட்டினால் சைன் அலையின் தலை வெட்டுப்படும். சி.ஆர்.ஓ. திரையில் நாம் பார்க்கிற கிளிப்பிங். அலை சதுரமாக ஆக ஆக ஹார்மானிக்ஸ் கூடி ஒலி கரகரக்கும். ஃபஸ் என்ற காலால் மிதிக்கும் கருவி இதைத்தான் செய்கிறது. ரோஜர் மேயர் என்பவர், முன்பு பிரிட்டிஷ் கடற்படைக்காக ஒலி, அதிர்வு ஆராய்ச்சியில் வேலை பார்த்தவர், ஜிமிக்கு ஆக்டேவியா என்று ஒரு கருவி செய்து தந்தார். அதற்குள் இருக்கும் சூட்சுமம் என்ன தெரியுமா? நாம் முதல் முதலாக ரெக்கார்டு நோட்டில் வரைந்த ஃபுல் வேவ் ரெக்டிஃபையர்! 50 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் 100 ஹெர்ட்ஸ் சிற்றலை வெளியே வரும் அல்லவா? அதே மாதிரி, வாசித்த ஸ்வரத்தோடு ஒரு ஸ்தாயி மேலே இன்னொரு ஸ்வரம் கேட்கும். 1967-இல் வந்த பர்ப்பிள் ஹேஸ் பாட்டில் இதைக் கேட்கலாம். அதே சர்க்கியூட்டை வைத்து நாம் பேட்டரி எலிமினேட்டர் செய்து மார்க் வாங்கினோம். சர்க்கியூட் ஒன்றுதான், காது வேறு!

ஒரு தேசிய கீதம்

1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் வுட்ஸ்டாக் விழா. சுமார் 4 லட்சம் பேர் கூடினார்கள். ஞாயிறு இரவே முடிய வேண்டிய விழா மழையாலும் தாமதத்தாலும் இழுத்துக்கொண்டே போய், கடைசிக் கலைஞரான ஜிமி மேடை ஏறியபோது திங்கள்கிழமை காலை ஆகிவிட்டது. கூட்டத்தில் பெரும்பகுதி ஊருக்குக் கிளம்பிவிட்டது. மிச்சமிருந்தவர்களுக்கு அமெரிக்க தேசிய கீதத்தைக் கிடாரில் வாசித்தார். பாடல் வரியே இல்லை. ஆனால் நடு நடுவே விமானம் பாய்கிற சத்தம், குண்டு விழுகிற சத்தம், அலறல்... எல்லாம் அந்த ஆறு தந்தியிலிருந்து! வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அவர் இருந்த அதே 101-வது படைப்பிரிவு அங்கே போரிட்டுக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் ஒரு தேசத்தின் மனசாட்சியைப் பேசவைத்தார்.

படிக்காமல் போட்ட கையெழுத்து

இனி கசப்பான பகுதி. 1965-இல், பேரும் காசும் இல்லாத நேரத்தில், ஒரு தயாரிப்பாளரிடம் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஜிமி கையெழுத்துப் போட்டார். முன்பணம் எவ்வளவு? 1 டாலர்! பங்கு 1 சதவீதம். புகழ் வந்ததும் அந்தக் காகிதம் வழக்காக வந்து நின்றது. அதைத் தீர்க்க 1970-இல் பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ் என்ற ஒரு முழு ஆல்பத்தையே கொடுக்கவேண்டி வந்தது.

எங்கள் வீட்டில் தாத்தா கைநாட்டு. காட்டின இடத்தில் விரலை வைத்துவிட்டு வருவார். அப்பா எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கக்கூடியவன் அந்த வீட்டில் நான்தான் முதல். அதனாலேயே இந்த 1 டாலர் கதை எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நாளைக்கு நாமும் பயிற்சி, பாண்டு என்று எத்தனையோ காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறோம். திறமை இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், காகிதத்தையும் படியுங்கள்!

இன்னொன்று போதை. அதுதான் அவரை மேதை ஆக்கியது என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். ஒற்றைத் தந்தியில் பழகியபோது அவருக்கு எந்தப் போதை இருந்தது? 1970 ஆகஸ்டில் நியூயார்க்கில் தன் கனவான எலக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவைத் திறந்தார். அடுத்த மாதம் 18-ம் தேதி லண்டனில், அளவுக்கு மீறிய தூக்க மாத்திரையால் மயங்கிய நிலையில், மூச்சுத் திணறி இறந்துபோனார். லண்டனில் வந்து இறங்கி நாலு வருஷம் ஆக ஆறு நாள் பாக்கி! அக்டோபர் 1 அன்று, அந்தப் பாலிடெக்னிக் மேடை ஏறிச் சரியாக நாலாம் வருஷம் அதே தேதியில், சொந்த ஊருக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள். ஆசைப்பட்டுக் கட்டிய ஸ்டுடியோ இன்றும் இயங்குகிறது, யார் யாரோ பாடுகிறார்கள். அவர் அதில் பாடியது சில வாரமே. உயில் எழுதிவைக்காததால் அவர் இசையின் உரிமையைத் தந்தை சட்டப்படி மீட்க 1995 வரை ஆனது.

தீர்ப்பு என்ன?

இப்போது அளவுகோலுக்கு வருவோம். வேகம்? அவரைவிட வேகமாக வாசிப்பவர்கள் பிறகு எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள். விற்பனை? அமெரிக்காவில் முதல் 40 இடத்துக்குள் வந்த இவரது சிங்கிள் பாட்டு ஒன்றே ஒன்று, அதுவும் பாப் டிலன் எழுதிய பாட்டு. குரல்? தன் குரல்மேல் அவருக்கே நம்பிக்கை இல்லை. ஸ்டுடியோவில் திரை மறைவில் நின்றுதான் பாடுவார். முறையான படிப்பு? இசைக்குறிப்பைப் படிக்கவே தெரியாது.

நாலு பேப்பரிலும் அரியர்! ஆனாலும் கிடார் பிடித்த எல்லோரும் அவரை மேலே வைக்கிறார்கள். ஏன்?

என் அளவுகோல் இதுதான். ஒரு கலைஞன் வருவதற்கு முன்னால் அந்தக் கருவி எப்படி இருந்தது, போனபிறகு எப்படி இருக்கிறது? இரண்டும் ஒன்றேயானால் அவன் நல்ல வாசிப்பாளன். வேறு வேறானால் அவன் மாபெரும் கலைஞன். தப்பான கைக்கு வந்த கிடார், கோளாறு என்று ஒதுக்கிய கூவல், வெட்டுப்பட்ட அலை, இவற்றையெல்லாம் அள்ளி எடுத்து அழகாக்கியவர் ஜிமி. டிலனே பிற்காலத்தில் தன் பாட்டை ஜிமியின் பாணியை ஒட்டிப் பாடத் தொடங்கினார் என்றால் வேறென்ன சாட்சி வேண்டும்?

நண்பர்களே! மார்க்கும் ரேங்கும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் லேப்பில் கோளாறு வரும்போது உடனே சுவிட்சை அணைத்துவிடாமல், அது என்ன சொல்கிறது என்று ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள். அவரது இசையைப் பின்பற்றுவோம், அவரது முடிவைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்!