எரிக்கச் சொன்ன கடிதங்கள்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை நம்ம வகுப்பில் தெரியாதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. கைவிளக்கேந்திய காரிகை யார் என்ற கேள்விக்கு எல்லாரும் ஒரு மார்க் வாங்கியிருக்கோம். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். நர்சிங் படிக்கும் எங்க அக்கா லீவுக்கு வந்தபோதுதான் அவருடைய கடிதங்களைப் பற்றிச் சொன்னாங்க.

அவர் 1820 மே 12-ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். ஊர்ப் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள்! பணக்கார ஆங்கிலக் குடும்பம். நர்ஸ் ஆகப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே எதிர்ப்பு. அப்போது ஆஸ்பத்திரி வேலைக்கு நல்ல பெயர் கிடையாது. பல வருடம் போராடி, 1851-ல்தான் ஜெர்மனியில் பயிற்சி பெற்றார்.

1854-ல் கிரிமியப் போர் நடந்தபோது 38 பெண்களுடன் துருக்கியில் உள்ள ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்தவர்களே அதிகம். பகலெல்லாம் வேலை, ராத்திரியில் கடிதம். துண்டு இல்லை, சோப்பு இல்லை, துடைப்பம்கூட இல்லை என்று லண்டனுக்கு எழுதுவார். மந்திரி சிட்னி ஹெர்பர்ட்டுக்கும் விடாமல் எழுதினார். இறந்துபோன சிப்பாய்களின் வீட்டுக்கும் அவரே எழுதினார். அதை நினைத்தால்தான் எனக்கு என்னவோ மாதிரி இருந்தது.

1855-ல் அவருக்கே கடும் காய்ச்சல் வந்தது. ஊர் திரும்பிய பிறகு பல வருடங்கள் பெரும்பாலும் படுக்கைதான். ஆனால் பேனாவும் பென்சிலும் படுக்கவில்லை! 1860-ல் அவர் பெயரில் லண்டனில் நர்சிங் பள்ளி தொடங்கியது. இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனாலும் நம்ம ஊர்களின் சுகாதாரம் பற்றியும், 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்து மக்கள் பட்ட பாட்டைப் பற்றியும் எழுதினார்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தன்னிடம் இருந்த கடிதங்களையும் குறிப்புகளையும் அழித்துவிட வேண்டும் என்று அவர் உயில் எழுதி வைத்தார். தன் வீட்டார் மேல் அவருக்கு இருந்த வருத்தம்கூட அந்தக் காகிதங்களில் இருக்கிறதாம். என் டைரியை யாராவது படித்தால் நானும் சும்மா விட மாட்டேன். ஆனால் பிறகு அவரே மனசை மாற்றி, எல்லாவற்றையும் உறவினர் ஒருவருக்குக் கொடுக்கும்படி உயிலைத் திருத்தினார். 1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் காலமானார்.

இன்று அவருடைய கடிதங்கள் 10,000-க்கு மேல் இருக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரு பெரிய தொகுதி உள்ளது. சில கடிதங்களை அக்கா கம்ப்யூட்டரில் காட்டினாங்க. கையெழுத்து பாதி எனக்குப் புரியவே இல்லை. நம்ம தமிழ் ஐயா கையில் கிடைத்திருந்தால் நாலு கோடு நோட்டு வாங்கச் சொல்லியிருப்பார்!