தாயின் பெயரோடு ஓடியவர்

1944 ஆம் ஆண்டு பெப்ரவரி 25 ஆம் திகதி பாரிஸில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நகரம் அப்போது ஜேர்மன் படைகளின் பிடியில் இருந்தது. குழந்தையின் தந்தை சார்ள் கோல்டன்பேர்க் ஒரு நகை வியாபாரி, யூதர். தாய் யூகெத் செவேர். பிறப்பைப் பதிந்தபோது கோல்டன்பேர்க் என்ற பெயர் எழுதப்படவில்லை. பிள்ளை தாயின் குடும்பப் பெயரில் பிரான்சுவா செவேர் ஆனான்.

எங்கள் வாசகர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. அடையாள அட்டையில் உள்ள பெயரே ஆளைக் காட்டிக்கொடுக்கும் காலம் எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும்.

அந்த யுத்த காலத்தில் பிரான்ஸிலிருந்து ஏறத்தாழ 76,000 யூதர்கள் ரயில்களில் ஏற்றப்பட்டு கிழக்கே உள்ள முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள் மிகச் சிலர். சார்ள் கோல்டன்பேர்க்குக்கு இது இரண்டாவது துரத்தல். ரஷ்யாவில் ஸார் மன்னர் ஆட்சியில் யூதர்கள் வேட்டையாடப்பட்டபோது, சிறுவனாக இருந்த அவரைப் பெற்றோர் பிரான்ஸுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். இந்த முறை ஓடுவதற்கு இடமில்லை. அவர் தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். பிள்ளைகள் நால்வரும் செவேர் என்ற பெயரின் கீழ் மறைந்திருந்தார்கள்.

பிரான்சுவாவுக்கு ஆறு மாதமானபோது பாரிஸ் விடுதலையானது. யுத்தம் முடிந்த பின் பிள்ளைகளுக்குத் தன் பெயரை வைக்கத் தந்தை விரும்பினார். ஆனால் அதற்குள் ஊருக்கு அவர்கள் செவேர் குடும்பமாகிவிட்டார்கள். மாற்ற வேண்டாம் என்று வீட்டில் முடிவானது. ஆபத்துக்காக வைத்த பெயர் ஆபத்து போன பிறகும் தங்கிவிட்டது.

வீடு வசதியான வீடுதான். பியானோ இருந்தது. பிரான்சுவா நன்றாக வாசிப்பார். பீத்தோவனின் 'பத்தேத்திக்' சொனாட்டா கடைசிவரை அவருக்குப் பிடித்தமானதாக இருந்தது. 16 வயதில் தாயின் வெஸ்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு போட்டிக்கு ஓடினார். 19 வயதில் சொந்தமாக ஒரு நோர்ட்டன் மோட்டார் சைக்கிள் வந்தது. பிறகு கட்டாய இராணுவ சேவை. அதை முடித்து வந்த மகன் கார்ப் பந்தயச் சாரதியாகப் போகிறேன் என்றபோது தந்தைக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு தடவை உயிரைக் காப்பாற்றிக்கொண்ட ஒரு மனிதரிடம் போய், உயிரைப் பணயம் வைக்கும் தொழிலுக்கு அனுமதி கேட்டால் வேறென்ன நடக்கும்?

கார்ப் பந்தயம் அன்றும் இன்றும் காசுக்காரரின் விளையாட்டு. பணம் இல்லாதவருக்கும், பணமிருந்தும் வீட்டு ஆதரவு இல்லாதவருக்கும் உள்ளே போக வழி கிடையாது. அறுபதுகளின் பிரான்ஸில் அப்படியொரு வழி திறந்தது. பிரெஞ்சுச் சாரதி மொறிஸ் திரன்தின்யான் 1958 இல் மொனாக்கோவில் வென்ற பிறகு, உலக சம்பியன் பட்டத்துக்கான பந்தயம் எதையும் பிரெஞ்சுக்காரர் எவரும் வென்றிருக்கவில்லை. நாட்டுக்குச் சாரதிகள் தேவைப்பட்டார்கள். எண்ணெய் நிறுவனங்களுக்கு விளம்பரம் தேவைப்பட்டது. 'வொலான் ஷெல்' என்ற போட்டி இந்த இரண்டிலிருந்தும் பிறந்தது. வொலான் என்றால் பிரெஞ்சில் ஸ்டியரிங்.

போட்டியின் முறை எளிது. பந்தயப் பயிற்சிப் பாடசாலையில் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். முன் அனுபவம் தேவையில்லை. மாணவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியான ஒற்றை இருக்கைக் கார்களில், ஒரே ஓடுபாதையில் ஓடுவார்கள். கடிகாரம் நேரத்தைக் கணக்கெடுக்கும். வேகமானவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். இறுதியில் வெல்பவருக்கு ஒரு நிஜமான பந்தயக் கார் பரிசு. இன்றைய இளையவர்கள் 'கிரான் டுரிஸ்மோ' படத்தில் கணினி விளையாட்டுப் பொடியன் ஒருவன் பந்தயக் காருக்குள் போவதைப் பார்த்திருப்பார்கள். அந்தப் படத்துக்கு மூலமான நிசான் நிறுவனத்தின் போட்டிக்கு இந்தப் பிரெஞ்சுப் போட்டிகளை முப்பாட்டன் என்று சொல்லலாம்.

1966 இல் பிரான்சுவா செவேர் அதில் சேர்ந்தார். மத்திய பிரான்ஸில் வயல்வெளிகளுக்கு நடுவே உள்ள மனி-கூர் ஓடுபாதையில் இறுதிச் சுற்று நடந்தது. அவருக்குச் சமமாக நின்றவர் பத்ரிக் தெபாயே. செவேரைவிட ஆறு மாதம் இளையவர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருங்கள், திரும்பவும் வரும். செவேர் வென்றார். போர்மியுலா 3 பந்தயங்களில் ஓடக்கூடிய அல்பைன் கார் ஒன்று அவருக்குக் கிடைத்தது. யாரின் மகன், என்ன பெயர், தகப்பனுக்கு விருப்பமா இல்லையா என்று அந்தக் கடிகாரம் கேட்கவில்லை.

இத்தகைய போட்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த வருடத்தை யாரும் பார்ப்பதில்லை. கார் இலவசமாக வந்தது, ஆனால் அதை ஓட வைக்கும் செலவு பரிசில் இல்லை. ரயருக்குக் காசு வேண்டும். இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆள் வேண்டும். பந்தயத்துக்குப் பந்தயம் காரை ஏற்றி இறக்க வேண்டும். செவேரிடம் காசும் குறைவு, இயந்திர அறிவும் குறைவு. 1967 ஆம் ஆண்டு முழுவதும் அந்த அல்பைன் அவரைப் படுத்தி எடுத்தது. பரிசு பெற்றவரின் பெயர் பட்டியலின் அடியில் கிடந்தது. இப்படி ஒரு வருடத்தோடு காணாமல் போன வெற்றியாளர்கள் எல்லாப் போட்டிகளிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

செவேர் காணாமல் போகவில்லை. அனுசரணையாளர்களைத் தேடிப் பிடித்தார். அல்பைனை விட்டுவிட்டு இத்தாலியின் டெக்னோ காருக்கு மாறினார். 1968 இல் பிரெஞ்சு போர்மியுலா 3 சம்பியன் அவர்தான். மறு வருடமே டெக்னோ நிறுவனம் தன் போர்மியுலா 2 அணியில் அவரைச் சேர்த்தது. இதற்கிடையில் சகோதரி ஜக்லின், பிரான்ஸின் முன்னணிச் சாரதிகளில் ஒருவரான ஜோன்-பியர் பெல்துவாஸை மணந்துகொண்டார். ஒரு மகன் போதாதென்று ஒரு மருமகனும் பந்தயக்காரர். தந்தை கோல்டன்பேர்க்கின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

1969 இல் லண்டனின் கிறிஸ்டல் பலஸ் பூங்காவில் நடந்த பந்தயம் ஒன்றில், அந்த ஆண்டின் உலக சம்பியனாகப் போகும் ஸ்கொட்லாந்துக்காரர் ஜக்கி ஸ்டுவர்ட் ஓர் இளம் பிரெஞ்சுக்காரரை முந்த முடியாமல் திணறினார். பந்தயம் முடிந்ததும் தன் அணித் தலைவர் கென் டிரலிடம் போய், அந்தப் பையனைக் கவனித்து வையுங்கள் என்று சொன்னார். டிரல் ஒரு மர வியாபாரி. அவரது அணி இயங்கியதும் மரக்காலையில்தான். 1970 இல் அவருடைய இரண்டாவது சாரதி சேர்வோ-கவான் பருவத்தின் நடுவே திடீரென்று விலகினார். அணிக்குப் பணம் கொடுத்த பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான எல்ஃப் ஒரு பிரெஞ்சுக்காரரை விரும்பியது. செவேருக்கு அழைப்பு போனது.

முதல் போர்மியுலா வன் பந்தயம் யூன் 21 ஆம் திகதி ஒல்லாந்தின் சான்ட்வோர்ட்டில். அன்று அதே பந்தயத்தில் இங்கிலாந்துச் சாரதி பியர்ஸ் கறேஜ் காரோடு எரிந்து இறந்தார். செவேர் முதல் புள்ளியை எடுத்தது செப்டெம்பரில் இத்தாலியின் மொன்சாவில். அதற்கு முதல்நாள் பயிற்சியில் யொகன் ரின்ட் இறந்திருந்தார். அந்த வருடம் சம்பியன் பட்டம் இறந்துபோன ரின்டுக்கே வழங்கப்பட்டது. மனி-கூரின் கடிகாரம் திறந்துவிட்ட கதவுக்கு உள்ளே இருந்தது இந்த உலகம். 26 வயதுச் செவேர் அதைத் தெரிந்துகொண்டே உள்ளே நின்றார்.

ஸ்டுவர்ட்டுக்கும் அவருக்கும் இருந்தது அபூர்வமான உறவு. ஒரே அணியின் இரு சாரதிகள் பொதுவாக எதிரிகள். ஒருவரின் ரகசியத்தை மற்றவர் அறிய விடமாட்டார்கள். ஸ்டுவர்ட் எதையும் ஒளிக்கவில்லை. எந்த வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது, எந்தக் கியர், காரை எப்படிப் பதமாகக் கையாள்வது, எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். சீடனும் குருவுக்குப் பின்னாலேயே ஓடிக் கற்றார். 1971 இல் பிரான்ஸிலும் ஜேர்மனியிலும் ஸ்டுவர்ட் முதலாவது, செவேர் இரண்டாவது.

அவ்வருடம் ஒக்ரோபர் 3 ஆம் திகதி அமெரிக்காவின் வொட்கின்ஸ் கிளென் ஓடுபாதையில் பருவத்தின் கடைசிப் பந்தயம். ஸ்டுவர்ட்டின் ரயர்கள் சூட்டில் களைத்தன. பின்னால் வந்த செவேருக்கு அவர் வழிவிட்டார். அதன் பிறகு செவேரை யாரும் பிடிக்கவில்லை. 13 வருடங்களுக்குப் பின் உலக சம்பியன் பந்தயம் ஒன்றை ஒரு பிரெஞ்சுக்காரர் வென்றார். பரிசுத்தொகை 50,000 டொலர். வயலுக்கு நடுவே கடிகாரத்தோடு ஓடிய நாளிலிருந்து ஐந்தே வருடங்கள்.

1972 அணிக்கு மந்தமான வருடம், அதை விடலாம். 1973 இல் செவேர் ஆறு தடவை இரண்டாவதாக வந்தார். அதில் மூன்று தடவை முன்னால் ஓடியவர் ஸ்டுவர்ட். ஓகஸ்ட் மாதம் ஜேர்மனியின் நூர்பேர்க்றிங்கில் செவேர் முழுப் பந்தயத்தையும் ஸ்டுவர்ட்டின் காரோடு ஒட்டியபடி ஓடி முடித்தார். தன்னை எந்த இடத்திலும் முந்தியிருக்க அவரால் முடிந்திருக்கும் என்று ஸ்டுவர்ட் பின்னாளில் ஒப்புக்கொண்டார். மாணவன் முந்தவில்லை.

ஸ்டுவர்ட்டிடம் அப்போது ஒரு ரகசியம் இருந்தது. அந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுவதென்று அவர் ஏப்ரல் மாதமே முடிவெடுத்துவிட்டார். கென் டிரல் உட்பட ஓரிருவருக்கு மட்டுமே தெரியும். அடுத்த வருடம் அணியின் முதல் சாரதி செவேர்தான். ஆனால் செவேருக்கு அதைச் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தில் மறைத்த விடயம்தான். இருந்தாலும் இந்தக் கதையில் எனக்கு ஆறாத இடம் இதுதான்.

கடைசிப் பந்தயம் மறுபடியும் வொட்கின்ஸ் கிளென். ஸ்டுவர்ட்டுக்கு அது நூறாவது பந்தயமாக இருந்திருக்கும். இரண்டு வாரங்களுக்கு முன் கனடாவில் ஜோடி ஷெக்டரின் காரோடு மோதி, செவேரின் கணுக்கால்கள் காயப்பட்டிருந்தன. அதோடுதான் வந்தார். ஒக்ரோபர் 6 சனிக்கிழமை, தகுதிகாண் பயிற்சி. மேட்டில் ஏறும் வேகமான இரட்டை வளைவில் கார் பாதையின் ஒரு பக்கத் தடுப்பைத் தொட்டு, மறுபக்க இரும்புத் தடுப்பில் மோதியது. அந்தத் தடுப்பு காரைத் தாங்கவில்லை. உடனேயே உயிர் போனது. முதலில் காரை நிறுத்தி ஓடிப்போனவர்களில் ஷெக்டரும் ஒருவர். அவர் பார்த்ததை இங்கே எழுத வேண்டியதில்லை. வயது 29.

டிரல் அணி பந்தயத்திலிருந்து விலகியது. ஸ்டுவர்ட் 99 பந்தயங்களோடு நின்றார். செவேரின் கணக்கில் 46 பந்தயங்கள், ஒரு வெற்றி, பத்து இரண்டாமிடங்கள். மேற்குப் பிரான்ஸில் வொடெல்னே என்ற கிராமத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

போட்டிகள் நிற்கவில்லை. ஷெல்லின் இடத்துக்கு எல்ஃப் வந்தது. 1975 இல் எல்ஃப் போட்டியை வென்ற சுருட்டைத் தலைமுடிப் பையன் அலென் புரொஸ்ட், பத்து வருடங்கள் கழித்து 1985 இல் உலக சம்பியனானார். பட்டத்தை வென்ற முதல் பிரெஞ்சுக்காரர் அவர்தான். செவேரிடம் பிரான்ஸ் எதிர்பார்த்திருந்தது அதைத்தான்.

1974 இல் டிரல் அணியின் இரண்டு இருக்கைகளில் ஒன்று ஷெக்டருக்குப் போனது. மற்றது பத்ரிக் தெபாயேவுக்கு. 1966 இல் மனி-கூரில் செவேரிடம் தோற்ற அதே தெபாயே. அந்த வருடமும் கடைசிப் பந்தயம் வொட்கின்ஸ் கிளெனில்தான் நடந்தது. திகதியும் ஒக்ரோபர் 6. தெபாயே ஆறாவதாக வந்தார். ஆனால் அன்றைய பந்தயத்தில் ஹெல்முட் கொய்னிக் என்ற 25 வயது ஒஸ்திரியச் சாரதி இரும்புத் தடுப்பில் மோதி இறந்தார். அந்தத் தடுப்பும் தாங்கவில்லை.