பத்தாயிரம் அவங்களுக்கு... ஆயிரம் எங்களுக்கா? போட்டியைப் புறக்கணித்த ஆர்க்கிடெக்ட் லூயிஸ் பெத்யூன்!

உங்க ஃப்ரெண்ட்ஸ்ல யாராவது ஆர்க்கிடெக்சர் படிச்சா அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. அஞ்சு வருஷப் படிப்பு, அப்புறம் பதிவு, அதுக்கப்புறம்தான் ஆர்க்கிடெக்ட்னு போர்டு மாட்ட முடியும். ஆனால், 1880-களின் அமெரிக்காவில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. கொஞ்சம் படம் வரையத் தெரிந்த யார் வேண்டுமானாலும் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் கட்டிக்கொடுத்த கூரை ஒழுகினால்? உங்க தலையெழுத்து!

இதை மாற்றியே தீர வேண்டும் என்று, வீடு, ஆபீஸ், குழந்தை எல்லாவற்றுக்கும் நடுவில் சங்கம் சங்கமாக ஏறி இறங்கியவர்தான் லூயிஸ் பிளான்சார்ட் பெத்யூன்.

1856-ல் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்லூ என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா, அம்மா இருவருமே ஆசிரியர்கள். பள்ளி முடித்ததும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேரத்தான் தயாரானார். அதற்குள் 1876-ல் பஃபலோ நகரில் ரிச்சர்ட் வெயிட் என்பவரின் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை கிடைத்தது. காலேஜுக்கு டாட்டா! ஐந்து வருடம் அங்கேயே தொழில் கற்றுக்கொண்டு, 1881-ல் தனி அலுவலகம் திறந்துவிட்டார். வயது 25. அமெரிக்காவின் முதல் தொழில்முறை பெண் ஆர்க்கிடெக்ட் என்று அவரைச் சொல்வது இதனால்தான். அதே வருடக் கடைசியில் கல்யாணம். கணவர் ராபர்ட் பெத்யூனும் அதே துறைதான், அதே ஆபீஸில் பார்ட்னர்.

இத்தோடு நின்றிருந்தாலே வரலாற்றில் இடம் உறுதி. அவர் நிற்கவில்லை.

1885-ல் மேற்கத்திய ஆர்க்கிடெக்ட்கள் சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டார். ஒரு பெண்ணைச் சேர்க்கலாமா என்று நிர்வாகிகள் கூடிப் பேசி, சேர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். அடுத்த வருடமே பஃபலோவில் உள்ளூர் சங்கம் ஒன்றை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். துணைத்தலைவர், பொருளாளர் என்று அங்கே பொறுப்புகளும் வகித்தார். சங்க வேலைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல? அபார்ட்மென்ட் அசோசியேஷன்ல இருந்து பார்த்தவங்களுக்கு நல்லாவே தெரியும். கூட்டம், கணக்கு, கடிதம், மறுபடியும் கூட்டம். புகழ் கட்டடத்துக்குக் கிடைக்கும், மினிட்ஸ் புத்தகத்துக்குக் கிடைக்காது.

ஆனால், அந்த மேஜையில் உட்கார்ந்துதான் அவர் முக்கியமான ஒரு கோரிக்கையைத் தள்ளினார். தேர்வு எழுதித் தேறியவர் மட்டுமே ஆர்க்கிடெக்டாகத் தொழில் செய்ய வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கவனிச்சீங்களா? தகுதி என்பது காகிதத்தில் எழுதப்பட்டுவிட்டால், பெண் என்பதற்காக ஒதுக்குவது கஷ்டமாகிவிடும். பெண்ணுக்கென்று சலுகை வேண்டாம், எல்லோருக்கும் ஒரே அளவுகோல் போதும் என்பதுதான் அவர் நிலை.

1888-ல் அமெரிக்க ஆர்க்கிடெக்ட்கள் கழகமும் அவரை உறுப்பினராக்கியது. 1857-ல் தொடங்கிய அந்தக் கழகத்துக்குள் நுழைந்த முதல் பெண். மறுவருடம் இரண்டு சங்கங்களும் இணைந்தபோது, மேற்கத்திய சங்கத்தினர் அனைவருக்கும் ஃபெலோ அந்தஸ்து கிடைத்தது. அப்படி முதல் பெண் ஃபெலோவும் அவரே.

அந்த ஒரே அளவுகோல் விஷயத்தில் அவருக்கே சோதனை வந்தது 1891-ல். சிகாகோவில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சியில் மகளிர் கட்டடத்துக்கான டிசைன் போட்டியை அறிவித்தார்கள். பெண்கள் மட்டும் கலந்துகொள்ளலாம். பரிசு 1,000 டாலர். மற்ற கட்டடங்களை வடிவமைத்த ஆண்களுக்கோ போட்டியே இல்லை, நேரடி அழைப்பு, 10,000 டாலர். நாட்டிலேயே அனுபவம் மிகுந்த பெண் ஆர்க்கிடெக்ட் கலந்துகொள்ள மாட்டேன் என்று ஒதுங்கிவிட்டார். ஜெயித்தது சோஃபியா ஹேடன் என்ற இளம் எம்.ஐ.டி பட்டதாரி. உலகமே பார்க்கப்போகும் ஒரு கட்டடத்தை வேண்டாம்னு சொல்றது லேசுப்பட்ட விஷயமில்லைங்க. அவர் சொன்னார்.

பஃபலோவில் வேலைக்கும் பஞ்சமில்லை. பள்ளிக்கூடங்கள் மட்டுமே 18. பெண் என்றால் வீடுகளை மட்டும் டிசைன் செய்ய வேண்டும் என்ற நினைப்பு அவருக்கு ஆகவே ஆகாது. உழைப்பு அதிகம், காசு கம்மி. நடுவில் சைக்கிள் பைத்தியம் வேறு. அந்த ஊரில் சைக்கிள் வாங்கிய முதல் பெண் அவர்தான் என்பார்கள்.

அவருடைய பெரிய வேலை, 1904-ல் திறக்கப்பட்ட லஃபாயெட் ஹோட்டல். 1901 கண்காட்சிக்காகத் திட்டமிட்டது, பணச் சிக்கலால் தள்ளிப்போனது. அறைக்கு அறை போன் என்று அந்தக் காலத்திலேயே அமர்க்களப்படுத்தியிருந்தார்கள். நடுவில் பாழடைந்து, 2012-ல் புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள். பஃபலோ போனா இன்னிக்கும் பார்க்கலாம்.

அவர் கேட்ட சட்டம்? இலினாய் மாநிலம் 1897-லேயே முந்திக்கொண்டது. லூயிஸ் 1913 டிசம்பரில், 57 வயதில் இறந்தார். ஆர்க்கிடெக்ட்களுக்குப் பதிவு கட்டாயம் என்று அவருடைய நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது 1915-ல்.